ஒரு சிகரெட் நேரம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று இரண்டு அச்சுகளைக் கெடுத்தேன். பல் கட்டும் லேபில் பதினெட்டு வருஷ வேலையில் ஒரே நாளில் இப்படி ஆனதில்லை.

காரணம் தெரியும். பல் டாக்டர் அனுப்பும் அச்சில் பிளாஸ்டரை ஊற்றியதும் மேலே பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பு மங்கிய பிறகுதான் கவிழ்த்து அடிப்பாகம் வைக்க வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரத்தைப் பார்த்ததே இல்லை. பின்கதவுக்குப் போய் ஒரு சிகரெட், திரும்பி வந்து கை கழுவினால் சரியாக இருக்கும். முதலாளி எனக்கு வைத்திருக்கும் பெயரே ‘கடிகாரம்’. இன்று கடிகாரம் அவசரப்பட்டுக் கவிழ்த்துவிட்டது, பல்லெல்லாம் ஓட்டை.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் சிகரெட்டை விட்டிருக்கிறோம். போன மாதம் அவருக்கு நெஞ்சில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். “திரும்பப் பிடிச்சீங்கன்னா திரும்ப இங்கதான் வருவீங்க” என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் அவர் என்னிடம் ஒரே ஒரு இழுப்பு கேட்டார். கொடுத்தேன். நான் பிடித்தால் அவரும் பிடிப்பார். வேறு கணக்கே இல்லை.

அவருக்கு ஆஸ்பத்திரியில் நிகோடின் பேட்ச் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

“விடறேன்னு சொல்லிட்டு அதே சரக்கைத் தோள்ல ஒட்டிக்கிறீங்க.”

“ஒட்டிக்கிட்டுப் போகட்டும். புகை இல்லையே.”

மார்ச் 5, புதன்

இந்த நோட்டில் இடது பக்கம் அவர், வலது பக்கம் நான். எந்த வழி நல்ல வழி என்று பார்த்துவிடலாம். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

இடது: கோபம் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார். பேட்ச் ஒட்டிய இடத்தில் அரிப்பு. விசித்திரமான கனவுகள் – தான் ஓட்டும் டெலிவரி வேனை ஆற்றுக்குள் ஓட்டிப்போய்ப் பார்சல் கொடுத்தாராம், கையெழுத்தும் வாங்கினாராம். ஆனால் கை மட்டும் சட்டைப்பைக்குப் போய்வருகிறது. மத்தியானத்துக்குள் பதினாறு தடவை.

வலது: ஸ்ட்ராவை சிகரெட் நீளத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டேன். ஆசை வந்தால் அதன் வழியாகக் காற்றை இழுக்கிறேன். குளிர்ந்த தண்ணீர். மாடிப்படி ஏறி இறங்குவது. கைக்கு வேலை கிடைத்துவிடுகிறது. உள்ளே மட்டும் எறும்பு ஊர்கிறது.

மார்ச் 10, திங்கள்

முதலாளியிடம் கத்திவிட்டேன். அவர் செய்த குற்றம், சாப்பிட்டாச்சா என்று கேட்டது.

மார்ச் 13, வியாழன்

அவர் அரைநாள் வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறார். இன்று லேப் வரைக்கும் வேனில் கூடப் போனேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் இடது கை பைக்குள் போய் வெறுமையாகத் திரும்பியது.

“ரொம்ப வேணும்போல இருக்கா?”

“இல்லையே. உடம்பு கேக்கவே இல்ல. கைதான் கேக்குது. பாவம், அதுக்கு யாரும் சொல்லல போல.”

எனக்கு நேர்மாறு. இது ஏன் என்று நாளெல்லாம் யோசித்தேன்.

மார்ச் 15, சனி

பிடித்துவிட்டேன். செட் பல்லை எடுத்துப்போக வந்த கூரியர்காரரிடம் நானாகவே ஒரு சிகரெட் கேட்டு வாங்கினேன். பின்கதவில் நின்று ஆறு இழுப்பு. கை கழுவிவிட்டு வந்து கவிழ்த்தால் பிளாஸ்டர் கச்சிதமாக வந்திருக்கிறது. ஒரு ஓட்டை இல்லை. அதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

சொல்லவில்லை. மூன்று தடவை பல் தேய்த்துவிட்டு உத்தமி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

காலையில் துவைக்கப் போட்ட என் லேப் கோட்டைக் காணோம். பின்னறையில் அவர் நின்றுகொண்டிருந்தார், கோட்டை முகத்தில் வைத்துக்கொண்டு. கண் மூடியிருந்தது.

என்ன காரியம் பண்ணிட்டேன் நான். இந்த மனுஷன் செத்துப்போனா நான் யாரோட சண்டை போடுவேன்?

“நேத்து பிடிச்சேங்க” என்றேன்.

“வாசனையிலயே தெரிஞ்சுபோச்சு. திட்டலாம்னுதான் கோட்டை எடுத்தேன். எடுத்தப்புறம் கீழ வைக்க மனசு வரல.”

இருவரும் கட்டிலில் உட்கார்ந்து இந்த நோட்டை முதலிலிருந்து படித்தோம். இடது பக்கத்தில் இல்லாதது வலது பக்கத்தில் இருக்கிறது, வலதில் இல்லாதது இடதில். அவர் உடம்புக்கு மருந்து, என் கைக்கு வேலை. பத்து நாளாக நான்தான் எழுதியிருக்கிறேன். எழுதினவளுக்கே தெரியவில்லை.

மார்ச் 17, திங்கள்

அவரோடு செக்கப்புக்குப் போனபோது கிளினிக் நர்ஸிடம் நோட்டைக் காட்டினேன். சிரிக்காமல் படித்தார்.

“எதுவும் இல்லாம விட்டவங்க இருக்காங்களா இல்லையா?” என்று கேட்டேன்.

“நிறையப் பேர் இருக்காங்க. உங்களால முடிஞ்சா சந்தோஷம். முடியலன்னா அடம் பிடிக்க இது என்ன பரீட்சையா? நெஞ்சைக் கெடுக்கறது புகை. உங்களைப் பிடிச்சு வச்சிருக்கறது நிகோடின். கொஞ்ச நாள் அதை மட்டும் கொடுத்து, அப்புறம் குறைச்சுடுவோம்.”

எனக்கு நிகோடின் சூயிங்கம். “இவருக்கு?” என்றேன். “இவருக்கு மருந்து சரியா இருக்கு. கையைத்தான் நீங்க பாத்துக்கணும்” என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

சூயிங்கத்தை சினிமா பார்க்கிறவள் மாதிரி மென்றேன். லேபே அதிர விக்கல். “கடிகாரம் மணி அடிக்குது” என்றார் முதலாளி. நாலு கடி கடித்துக் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும், பிறகு மறுபடி நாலு கடி என்று நர்ஸ் சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

மார்ச் 24, திங்கள்

எறும்பு பாதியாகிவிட்டது. அவர் சட்டைப்பையில் நான் வெட்டிக் கொடுத்த ஸ்ட்ராக்கள். சிக்னலில் ஒன்றைக் கடித்துக்கொண்டு நிற்கிறாராம், பக்கத்து வண்டிக்காரர்கள் பார்க்கிறார்களாம். “பாக்கட்டும். கைக்குச் சொல்லியாச்சு” என்கிறார்.

இன்னொன்று. பிளாஸ்டர் மங்குவதை இன்றுதான் நின்று பார்த்தேன். முதலில் ஓரம் மங்குகிறது. அது மெல்ல உள்ளே நகர்ந்து, நடுவில் ஒரு சொட்டுப் பளபளப்பு மட்டும் மிஞ்சுகிறது. அதுவும் போகிறது. பதினெட்டு வருஷமாக இது நடக்கும்போதெல்லாம் நான் பின்கதவில் இருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

அவர் நடுத்தர பேட்சுக்கு இறங்கிவிட்டார். எனக்கு ஒரு நாளைக்கு ஐந்து சூயிங்கம். கூரியர்காரர் சிகரெட் பெட்டியை நீட்டினார். ஸ்ட்ராவைக் காட்டினேன். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

மே 12, திங்கள்

இன்று ஒரு அச்சைக் கெடுத்தேன். பிளாஸ்டரை ஊற்றிவிட்டு, முதலாளி தன் மகள் வீட்டுக் கூரை ஒழுகும் கதையைச் சொல்ல, கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் கல்லாகிச் சில்லிட்டுப் போயிருந்தது. சுரண்டி, ஈரமாக்கி, எப்படியோ அடிப்பாகம் ஒட்டவைத்தேன்.

“என்னம்மா, கடிகாரம் நின்னுபோச்சா?”

“நின்னுபோச்சு சார்.”

சூயிங்கம் பெட்டி வீட்டு மேஜைமேலேயே இருந்திருக்கிறது. சாயங்காலம் வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

அவர் என் கோட்டை வாங்கி முகத்தில் வைத்துப் பார்த்தார். “வெறும் சுண்ணாம்பு வாசனை” என்று சொல்லிவிட்டு, துவைக்கிற கூடையில் போட்டார்.