பாலத்தடி மடுவும் சுண்ணாம்பும்

அன்புள்ள நானா,

இன்று காலை கெலிஓயாவில் உங்கள் கடையைத் தாண்டும்போது சுண்ணாம்புக் காரம் மூக்கில் ஏறியது. கால் அப்படியே நின்றுவிட்டது. வாசலில் இரண்டு பீப்பாய்களில் சுண்ணாம்பு நீறிக் கொதித்துக்கொண்டிருந்தது. நீங்கள் கண்மூடிய பிறகு கட்டாரிலிருந்து திரும்பிய உங்கள் மகன்தான் இப்போது கடையைப் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை நம் ஓடையில் சிரமதானமாம், ஊர்கூடித் துப்புரவு செய்கிறார்களாம், கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்களாம். கரைக் கற்களுக்கு வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு அவனுடைய அன்பளிப்பு.

“வாப்பாட பேருல குடுக்குறன் மாஸ்டர்,” என்றான், முகமெல்லாம் சிரிப்பாக.

நல்லது தம்பி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததும் வானத்தைத்தான் பார்த்தேன். ஹந்தானை மலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடக்கிறது. முதல் மழைக்குக் கீழேயுள்ள ஆற்றிலிருந்து கெண்டைகள் ஏறி வரும் நேரம் இது. பாலத்தடி மடுவில் இப்போதே வந்து காத்துக் கிடக்கின்றன. தண்ணீர் பெருகியதும் மேலே சரளைக் கற்களுக்குப் போய் முட்டையிட வேண்டும்.

அந்த மடுவில் தூண்டில் போடுவதில்லை என்று ஊரை ஒப்புக்கொள்ள வைக்க நீங்கள் பட்ட பாடு கொஞ்சமா? கருவாடு இல்லாமல் சோறு இறங்காத மனுஷன் மீனைக் காக்கப் போகிறாராம் என்று பள்ளிவாசலடியில் சிரித்தார்கள். நீங்கள் விடவில்லை. விகாரைக்குப் போய்ப் பேசினீர்கள். எங்கள் கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தவர்களை மறித்துப் பேசினீர்கள். மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்த லயத்துக்கு என்னோடு மூச்சிரைக்க ஏறி, ஓடைக்கரை மரத்தை விறகுக்கு வெட்டினால் மண் சரிந்து மடு தூர்ந்துவிடும் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னீர்கள். தேநீர் கொடுத்தார்கள், தலையாட்டினார்கள். நம்பியதாகத் தெரியவில்லை.

பிறகுதான் அந்த முதல் சிரமதானம். நம்மவர்களுக்கு ஓர் இடம் சுத்தமாயிருக்கிறது என்றால் அங்கே கல்லெல்லாம் வெள்ளையாயிருக்க வேண்டும். பள்ளிக்கூடமானாலும் பொலிஸ் நிலையமானாலும் அதுதான் வழக்கம், ஓடை மட்டும் என்ன பாவம் செய்தது? சுண்ணாம்பு உங்கள் கடையிலிருந்து வந்தது. வேலை முடிந்ததும் பீப்பாய்களை எல்லோருமாக அந்த மடுவிலேயே அலசிக் கவிழ்த்தோம். மறுநாள் கெண்டைகள் வயிறு மேலே தெரிய மிதந்தன.

கூட்டம் கூடியதும் பழி நேரே மலைக்கு ஏறியது. லயத்துப் பெண்கள் துவைக்கிற சவர்க்காரம்தான் காரணம் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அந்த லயத்திலேயே வாழ்ந்த என் அக்கா முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது. அப்போது சீமெந்துத் தரையில் யாரோ உட்கார்ந்திருந்த கதிரை கிறீச்சென்று பின்னால் நகர்ந்தது. எழுந்தது நீங்கள்.

“அந்தப் பொம்புளைகள ஏசாதீங்க. மீன் செத்தது ஏன்ட சுண்ணாம்பால. செஞ்சவன் நான், சொல்றவனும் நானாத்தான் ஈக்கணும்.”

அதற்குப் பிறகுதான் மேலேயுள்ள சனம் நம்மை நம்பியது. துவைக்கும் இடத்தை அவர்களாகவே ஓடையை விட்டுத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். கரை மரங்களில் கத்தி படவில்லை. கெண்டைகள் திரும்பி வந்த மழைக்காலத்தில் பாலத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நீங்கள் அழுததைப் பார்க்காத மாதிரி நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று கூட்டத்தில் இருந்தவர்களில் பலர் இன்று இல்லை. மிச்சப்பேர் உங்கள் மீதுள்ள மரியாதையில் அந்தக் கதையை எடுப்பதில்லை. மகன் அப்போது கட்டாரில். வாப்பாவின் நன்மைக்கென்று பிள்ளை கொடுப்பதை எந்த வாயால் தடுப்பது? பின்னேரம்வரை வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். பிறகு கடைக்குப் போய் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

சுண்ணாம்பைக் கிளறிய தடியை அவன் கீழே வைத்தான்.

“இத வெளிய சொன்னா வாப்பாட பேரு கெட்டுப் போகாதா மாஸ்டர்?”

“இல்ல தம்பி. ஒங்க வாப்பாவுக்கு அந்தப் பேரு வந்ததே அன்னைக்கித்தான்.”

நாளைக்கு நடக்கும் சிரமதானக் கூட்டத்தில் தானே எழுந்து சொல்வதாகச் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இளம் பிள்ளை, பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று நாலுபேர் வற்புறுத்தினால் என்ன செய்வானோ, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இதை எழுதும்போதே தகரக் கூரையில் முதல் துளிகள் விழத் தொடங்கிவிட்டன.

அவன் எழாவிட்டால் நான்தான் எழ வேண்டும், நானா. என் அக்காவுக்காகக்கூட எழாத கால்கள் இவை. ஆனால் உங்கள் கதிரை பின்னால் நகர்ந்த அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நாளைக்கு அதைத்தான் கொண்டு போகிறேன்.