புளித்துப்போன குழி

ஒரோதாரா,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் மைமூனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த லியோன் குளிரில் சுகமாக இருக்க அல்லாஹ் அருள வேண்டும்.

நீ மூன்று முறை கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. கோபமில்லை, பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். நம் மாம்பழம் உலர்த்தும் கொட்டகையை இருபது நாளில் மூடச் சொல்லி நகராட்சியிலிருந்து தாள் வந்துவிட்டது. பின்பக்கம் நாம் கொட்டுகிற தோலிலும் கொட்டையிலும் பெருகும் ஈ தன் தோப்பில் இறங்கிக் காயையெல்லாம் புழுவாக்குகிறது என்று பக்கத்துத் தோப்பு திராமான் எழுதிக் கொடுத்திருந்தான். அவன் சொன்னது பொய்யில்லை, அதுதான் என்னைக் குடைந்தது. கொட்டகையை நம்பிப் பதினான்கு பெண்கள் இருக்கிறார்களே. நீ சொல்லித் தோண்டிய எரிவாயுக் குழியில் இரண்டு மாதமாகச் சாணம் போட்டுத் தேநீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தோம் அல்லவா, தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும் என்று நீ படித்துப் படித்துச் சொல்லியும் நான் பதற்றத்தில் இரண்டே நாளில் மூன்று வண்டித் தோலைத் தள்ளிவிட்டேன். குழி புளித்துவிட்டது. நம் கொட்டகையில் வேலை செய்யும் கொரோதிமி குழாயைத் திறந்து தீக்குச்சியைக் காட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, நாத்தம் மட்டுந்தான் வருது, காத்து வரல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் நாளுக்குப் பத்துத் தரம் போய், குழியிலிருந்து வாயு வந்து சேரும் பையை அமுக்கிப் பார்ப்பேன், தொளதொளவென்று கிடக்கும்.

குழியை மீட்கப் புதுச் சாணம் வேண்டும்; மேய்ப்பர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு போய்விட்டதால் அது திராமான் மாட்டுப் பட்டியில்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன். "என் தோப்பக் கெடுத்துப்புட்டு என் மாட்டுச் சாணத்தையே கேக்குறீங்களே, மைமூனா அம்மா" என்றான். குழி செத்தால் தோலெல்லாம் மறுபடி வெளியில்தான் விழும், அவன் தோப்புக்கும் பழைய கதிதான் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வண்டியை அவனே ஓட்டி வந்தான். குழியை முகர்ந்து பார்த்து, "தின்னது செரிக்காத கன்னுக்குட்டி மாதிரி கெடக்கு. சாணமும் சாம்பலும் கரைச்சு ஊத்துங்க, பத்து நாளைக்கு ஒரு தோல் காட்டாதீங்க" என்றான். அந்தப் பத்து நாள் தோலைக் கறுப்புச் சாக்கில் இறுக்கிக் கட்டி வெயிலில் போட்டோம், ஈ உள்ளேயே வெந்து செத்தது.

நேற்று நகராட்சி ஆள் வந்து நிற்கையில் கொரோதிமி குச்சியைக் கிழித்தாள். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதில் நீலமாகப் பிடித்தது, பழம் உலர்த்தும் அடுப்பொன்று மாலை வரை அதிலேயே எரிந்தது. "பருவம் முடியிற வரைக்கும் விடுங்க ஐயா, புகார் குடுத்தவனே சொல்றேன்" என்று திராமான் சொல்ல, அந்த ஆளும் தாளில் அப்படியே எழுதிக் கொடுத்துப் போனான்.

ஆனால் எனக்கு இன்னும் நிலைகொள்ளவில்லை. தன் தோப்பில் உதிர்ந்த புழுப்பழத்தையும் இதே குழியில் போடலாமா, குழியிலிருந்து வெளிவரும் கரைசலை மரத்துக்கு உரமாக எடுத்துக்கொள்ளலாமா என்று திராமான் கேட்டான், யோசிக்காமல் சரி என்றுவிட்டேன். எண்பது கூடை வருமாம், ஒரு குழியில் போட்டால் மறுபடி புளித்துவிடும். இன்னொரு குழி வெட்ட இன்று காலையே கயிறு பிடித்து அளந்துவிட்டோம், அவன் நிலத்தில் பாதி, நம் நிலத்தில் பாதி.

பல்வலியைத் தள்ளிப்போடாதே, இந்த வாரமே மருத்துவரிடம் போ. உன் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும், உன் வீட்டில் அடுப்பு அணையாதிருக்கட்டும்.

உன் அம்மா,
ஜெனேபா பாரோ