முப்பத்தோராம் எண்ணுக்கு இரண்டு தட்டு

என் வம்புக்காரி ஷமீமுக்கு,

நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று ஒரு வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவள், அதன் பிறகு வரவே இல்லை. அந்தக் கோபம் உன்மேல் எனக்கு இன்னும் இருக்கிறது. இப்போது அதைவிடப் பெரிய கோபம் என்மேல். பிள்ளைகளின் பேரையும் எண்ணையும் மட்டும் மாற்றிவிட்டு, ஊரே படிக்கும்படி இதை எழுதுகிறேன். நாற்பது பிள்ளைகள் பார்க்கச் செய்த தப்பை உன் காதில் மட்டும் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை.

உன் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவை அரையாண்டு லீவு முடிந்ததும் என் தலையில் கட்டினார்கள். முத்தியால்பேட்டையில் எத்தனையோ பள்ளிக்கூடம் இருக்க, இந்த வகுப்பு மட்டும் ஏன் இப்படி இருக்கிறது என்று முதல் நாளே எரிச்சல் வந்தது. பேர் கூப்பிட்டால் பிள்ளைகள் வாயைத் திறக்காமல் பெஞ்சில் இரண்டு தட்டு தட்டுகிறார்கள். உனக்கே தெரியும், அடுத்த வகுப்பிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு நான் எத்தனை நாள் உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன். "என்னடி, தச்சுப் பட்டறையா நடத்துற?" என்று கேட்டேன். "ஆமாக்கா, உங்க காதுக்காகத்தான்" என்று சிரித்துவிட்டுப் போனாய்.

ஏன் என்று அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் நான் ஸ்டாஃப் ரூமில் போட்டு உடைத்துவிடுவேன் என்று பயந்தாயா? என் வாய் அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன்.

நான் தட்டக் கூடாது என்றேன். எல்லாரும் எழுந்து நின்று, "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். முப்பத்தோராம் எண், சுவேதா. எழுந்து நின்றாள். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை. நான் அதைத் திமிர் என்று நினைத்தேன். "என்னடி, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதிவேட்டில் அவள் வரவில்லை என்று போட்டேன். வாயைத் திறந்தால்தான் வந்ததாகக் கணக்கு என்று வேறு சொன்னேன்.

அது ஒரு திங்கட்கிழமை. செவ்வாயும் புதனும் அதேதான் நடந்தது. மூன்று நாளும் அவள் என் எதிரில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். மூன்று நாளும் அவள் வரவில்லை என்று எழுதினேன். மதிய இடைவேளையில் பிள்ளைகள் அவளைக் கொழுக்கட்டை என்று கூப்பிட்டது என் காதிலும் விழுந்தது. குழந்தைகள் விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

வரவில்லை என்று கம்ப்யூட்டரில் ஏற்றினால் வீட்டுக்குத் தானாக ஃபோனில் செய்தி போய்விடும் அல்லவா? அது எனக்குத் தெரியாததா? தெரியும். அவள் வீட்டில் அதை யார் படிப்பார், படித்துவிட்டு என்ன செய்வார் என்று மட்டும் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை முப்பத்தொன்று என்றேன். பதில் இல்லை. தலையைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் வழக்கம்போலப் போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டேன். இரண்டாம் பீரியட் முடியும்போது அவள் பக்கத்தில் உட்காரும் கௌசல்யா தயங்கித் தயங்கி மேசைக்கு வந்தாள். "டீச்சர், சுவேதா இன்னிக்கு நெஜமாவே வரல" என்றாள்.

அவள் அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். சாரம் பகுதியில் வீடு, டெம்போ ஓட்டுகிறார். மூன்று நாளாகச் செய்தி வருகிறதே என்று அன்று காலை அவரே அவளைக் கொண்டுவந்து எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கூடத் தெருமுனையில் இறக்கிவிட்டிருக்கிறார். "எங்க டீச்சர் போறா தெனம்? யாரோட போறா?" என்று கேட்டார். நான் அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை ஷமீம். பார்க்கிறோம் சார் என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

அவர் டெம்போவை அப்படியே விட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடியிருக்கிறார். பெற்றவர் முதலில் கடலைப் பார்க்க ஓடுகிறார் என்றால் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்? எச்.எம். இரண்டு பேரைப் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினார். வாட்ச்மேன் அவளைப் பார்க்கவில்லை என்றார். துப்புரவு வேலை செய்யும் செல்வி கழிப்பறைப் பக்கமெல்லாம் போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, யாரும் குரல் கொடுக்கவில்லை என்று வந்து சொன்னார். மணி பதினொன்று ஆகி, பன்னிரண்டும் ஆகப் போனது. நான் கும்பிடாத சாமி இல்லை. உன்னையும் கூப்பிட்டேன்.

முகம் கழுவலாம் என்று பின்பக்கம் போனேன். பெண் பிள்ளைகள் கழிப்பறையில் கடைசிக் கதவு மூடியிருந்தது. அது எப்போதும் இறுகிக்கொள்கிற கதவுதான், அதனால்தான் செல்வியும் விட்டுவிட்டார். சும்மா நின்று, "சுவேதா" என்றேன். சத்தமில்லை. "உள்ள இருந்தா வாயத் தொறந்து சொல்லுடி" என்று அதட்ட வாயெடுத்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டேன். மறுபடியும் அதையேதானே கேட்கிறேன்? காலையிலிருந்து நாங்கள் எல்லாரும் அந்தப் பிள்ளையிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கதவில் இரண்டு தட்டு தட்டினேன்.

காதைக் கதவில் வைத்தேன். பிறகு உள்ளேயிருந்து மெதுவாக ஒரு தட்டு, இன்னொரு தட்டு.

தாழ்ப்பாள் விலகியது, இறுகிய கதவைத் தள்ளித் திறந்தேன். பேர் கூப்பிடுகிற நேரத்தைத் தாண்டிவிட்டு வகுப்புக்கு வரலாம் என்று காலையில் உள்ளே போனவள். நேரம் ஆக ஆக வெளியே வரப் பயம், கூப்பிட்டவர்களுக்குக் குரல் கொடுக்கவும் முடியவில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் அந்த நாற்றத்திலும் ஈரத்திலும் நின்றிருக்கிறாள். தோளைத் தொட்டேன், வலியில் சுருங்கினாள். சட்டைக் கழுத்துக்குக் கீழே சிவந்த தடம் தெரிந்தது.

அவள் அப்பா வந்தார். செருப்பெல்லாம் கடல் மணல். எச்.எம். அறையில் அத்தனை பேர் நடுவில் சொன்னேன்: "உங்க பொண்ணு மூணு நாளும் பள்ளிக்கூடம் வந்தா சார். இன்னிக்கும் வந்தா. நான்தான் வரலன்னு போட்டேன்."

என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நேத்து சொல்ல வந்தா டீச்சர்" என்றார். "அவ சொல்லி முடிக்கற வரைக்கும் நான் நிக்கல."

அவர் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

பதிவேட்டைத் திருத்த விளக்கக் கடிதம் வேண்டும். எச்.எம். நல்லவர்தான், உனக்குத் தெரியும். "கவனக்குறைவுன்னு ஒரு வரி எழுதிடுங்க, இதோட போயிடும்" என்றார். எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பேனாவைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கவனக்குறைவு இல்லையே, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதானே போட்டேன். தெரிந்தே போட்டேன் என்றுதான் எழுதினேன். விசாரணை இருக்கிறது. காரைக்காலுக்குத் தூக்கி அடிப்பார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு. அரியாங்குப்பத்தில் மாமியார் படுக்கையில் கிடக்க நான் காரைக்காலுக்கு எப்படிப் போவேன்? பயமாகத்தான் இருக்கிறது ஷமீம், மறைப்பானேன்.

மறுநாள் வகுப்பில், கொழுக்கட்டை என்ற பேச்சைக் கிளப்பியது நான், அது என் தப்பு, இனி யார் சொன்னாலும் என்னைத் திட்டுவதாகத்தான் அர்த்தம் என்று சொன்னேன். தட்டுகிறவர்கள் தட்டலாம், சொல்கிறவர்கள் சொல்லலாம் என்றேன். யாரும் தட்டவில்லை. எல்லாரும் ஒழுங்காக எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். அந்த அளவுக்கு என்னைக் கண்டு பயந்திருந்தார்கள். நாலாவது நாள்தான் கௌசல்யா முதலில் தட்டினாள். பிறகு ஒவ்வொருவராக.

நீ எதற்கு எல்லாரையும் தட்டவிட்டாய் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது. இவள் ஒருத்தி மட்டும் தட்டினால் இவள் வாய் திக்கிப் பேச முடியாதவள். எல்லாரும் தட்டினால் அது வகுப்பின் பழக்கம், அவ்வளவுதான்.

சுவேதா பதினொரு நாள் வரவில்லை. சாரத்துக்கு மூன்று முறை போனேன். வாசலோடு அனுப்பிவிட்டார் அவள் அம்மா, நியாயம்தான். ஒவ்வொரு நாளும் முப்பத்தொன்று என்று சொல்லிவிட்டு, தலையைத் தூக்கிக் காலி இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

இன்று காலை வந்தாள். நான் அவளைத் தனியாக வரவேற்கவில்லை, அவளுக்கு அது பிடிக்காது என்று கௌசல்யா முன்பே எச்சரித்திருந்தாள். ஒன்றிலிருந்து தொடங்கினேன். முப்பத்தொன்று என்றேன். தலையைத் தூக்கினேன். அவள் கை பெஞ்சின் மேல் இருந்தது. தட்டவில்லை. என்னையே பார்த்தாள். வாய் பரபரத்தது எனக்கு, ஏதாவது சொல்லி உதவலாமா என்று. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு தட்டு தட்டினாள். இரண்டாவது வரும் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. கையை மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

வந்தாள் என்று போட்டேன். அந்த இரண்டாவது தட்டு என்னிடம் வர இன்னும் நாள் ஆகும். கேட்டு வாங்க மாட்டேன். இங்கே இருக்கிறவரை தினமும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அவள் பதில் முடிகிறவரை நிற்பேன். காரைக்காலுக்குத் தள்ளினால், இந்த வகுப்புக்கு வருகிறவரைத் தனியே கூப்பிட்டு, இந்தத் தட்டு எதற்கு என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். ஸ்டாஃப் ரூமில் வைத்துச் சொல்ல மாட்டேன். இது உன் மேல் ஆணை.

இப்படிக்கு,
உன்னோடு பிறக்காத, உன்னை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிற
உன் தேவகி அக்கா