மடித்த வெள்ளிப் பென்னி

ஸ்வாஃபம், நார்ஃபோக்
3 அக்டோபர் 1993

அன்புள்ள பல்பிடுங்கிக்கு,

பல் மருத்துவத்தை மூட்டை கட்டிவிட்டு யார்க்குக்குக் குடிபோனதும் எங்களை மறந்தாயிற்று. போனில் பேசலாம் என்கிறாய். என் காதின் லட்சணம் உனக்குத் தெரியும். நீ கத்தினால் ஊருக்கெல்லாம் கேட்கும், எனக்குக் கேட்காது. ஆகவே எழுது.

இத்துடன் பதிவுத் தபாலில் வருவது, பார்லி அறுத்த வயலில், மண்ணுக்குள் உலோகம் தேடும் என் கருவி கூவிக் காட்டிக்கொடுத்தது. சுத்தியலால் அடித்த வெள்ளிப் பென்னி. எட்வர்ட் ராஜாவின் சுருட்டை முடி தெரிகிறது, மிச்சமெல்லாம் மடிப்புக்குள். ஏர் பட்டு வளைந்ததென்று நினைத்தேன். எங்கள் பாதிரியார் பார்த்துவிட்டு, "இது கையால மடிச்சது ஹெட்லி. அந்தக் காலத்துல வீட்டுல யாருக்காவது முடியலேன்னா, ஒரு புனிதர் பேரைச் சொல்லிக் காசை மடிச்சு வேண்டிக்குவாங்க," என்றார். நிலத்துக்காரரும் தன் பங்கு வேண்டாம், ஆலிவுக்கே கொடு என்றுவிட்டார்.

காரணம் உண்டு. ஆலிவுக்குச் சிறுநீரகத்தில் கட்டி. அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. காசைப் பார்த்த நிமிடத்திலிருந்து அவள் கையை விட்டு இறக்கவில்லை. உனக்கு அனுப்பவே சண்டை போட்டுத்தான் வாங்கினேன். எந்த ஊரில் அடித்தது என்று மட்டும் பார்த்துச் சொல். மடிப்பில் கை வைக்காதே. அது அவள் உத்தரவு.

உன்
ஹெட்லி


யார்க்
24 அக்டோபர் 1993

அன்புள்ள ஹெட்லி,

தாமதத்துக்கு மன்னிக்கவும். காசைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதலாம் எட்வர்ட் காலத்தது, கான்டர்பரியில் அடித்தது. மண்ணைக் கழுவியதால் சற்றுப் பளிச்சென்று தெரியும். மடிப்பு அப்படியே இருக்கிறது.

ஆலிவுக்கு என் அன்பைச் சொல். நம் பழங்காசுச் சங்கத்தின் இந்த வருடக் கூட்டத்துக்கு வர இயலாது. முதுகுவலி.

அன்புடன்
காட்ஃப்ரி


ஸ்வாஃபம்
21 நவம்பர் 1993

அன்புள்ள பல்பிடுங்கிக்கு,

அதென்ன, பாங்க் மேனேஜர் கடிதம் மாதிரி எழுதியிருந்தாய்? போகட்டும். நல்ல சேதி: ஆலிவ் பிழைத்துவிட்டாள். கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள்.

அறுவை அறைக்குப் போகும்போது நர்ஸ், "உலோகம் எதுவும் உள்ள கொண்டுபோகக் கூடாதும்மா," என்றாள். "அப்ப நானும் வரல," என்றாள் இவள். கடைசியில், "சரி, மயங்கற வரைக்கும் கையில வச்சிருங்க," என்று விட்டுக்கொடுத்தார்கள். கண் விழித்ததும் முதல் பேச்சு, "என் காசு எங்க?" நாற்பது வருஷம் கூடக் குடும்பம் நடத்திய நான் பக்கத்திலேயே நிற்கிறேன், என்னைக் கேட்கவில்லை!

சங்கக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுபோனேன். கிழவன் பர்ட்ரம் எழுந்து, "மடிச்ச காசு கையில கெடச்சா நிமித்திப் பாக்காம இருக்கறவன் யாரு? நம்ம காட்ஃப்ரி ஒருத்தன்தான்யா," என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். நீ இருந்திருக்க வேண்டும்.

உன்
ஹெட்லி


யார்க்
30 நவம்பர் 1993

ஹெட்லி,

அந்தக் கைதட்டலைப் படித்த பிறகு இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது அனுப்பிவிட வேண்டும்.

ஆலிவ் கையில் பிடித்திருந்தது நீ கண்டெடுத்த காசு அல்ல.

மடிப்புக்குள் நாலைந்து எழுத்து ஒளிந்திருந்தது. அதைப் படிக்காமல் ஊரைச் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், முடியாது என்று உனக்கு எழுத எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. லேசாகச் சூடு காட்டி, குறட்டால் நிமிர்த்தினேன். மறுபடி மடித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு. எழுநூறு வருடத்து வெள்ளி. பிஸ்கட் மாதிரி இரண்டாக ஒடிந்தது.

அப்போதே எழுதியிருக்கலாம். எழுதாமல் காசு வியாபாரிகளிடம் அலைந்து அதே ராஜா, அதே ஊர் பென்னி ஒன்றைத் தேடி வாங்கினேன். அது சற்றும் வளையாத நல்ல காசு. அதை இந்தக் கையால் மடித்தேன். பிரார்த்தனை ஏதுமில்லை, மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது ஒன்றுதான் மனதில். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு உன் மனைவி கத்திக்குப் போயிருக்கிறாள்.

முதுகுவலியும் பொய். உங்கள் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை.

துண்டுகள் என்னிடம்தான் இருக்கின்றன. என்ன செய்ய வேண்டும், சொல்.

காட்ஃப்ரி


ஸ்வாஃபம்
12 டிசம்பர் 1993

காட்ஃப்ரி,

உன் கடிதத்தைப் பஸ் ஷெட்டில் வைத்துப் படித்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நல்லவேளை, நான் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகள் யாரும் இன்னும் ஏறியிருக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் ஆலிவ், "காட்ஃப்ரி என்ன எழுதியிருக்கான்?" என்றாள். "ஒண்ணுமில்ல, யார்க்ல பனியாம்," என்றேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்னையும் பொய் சொல்ல வைத்துவிட்டாய். அது இரண்டு நாள் தாங்கியது. அப்புறம் கோட்டுப் பையிலிருந்து அவளே எடுத்துப் படித்துவிட்டாள்.

அழுவாள் என்று பயந்தேன். காசை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நான் பிடிச்சுட்டுப் போனது இதுதானே? இது என்னோடது, யாருக்கும் தரமாட்டேன். அந்தத் துண்டு ரெண்டும் வேற யாரோ நோயாளிக்காக மடிச்சது. அதை அவன் அலமாரியில வச்சுக்க வேண்டாம். எடுத்துட்டு வரச் சொல்லு," என்றாள். உடைந்ததைத் திரும்ப அந்த வயலிலேயே புதைக்க வேண்டுமாம். நீயே உன் கையால் புதைக்க வேண்டுமாம். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டாள், பர்ட்ரமிடமும் சொல்லிவிட்டாள். அதனால் இனி மறைக்க ஒன்றுமில்லை.

அவள் மன்னித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். நான் இன்னும் இல்லை. எப்போது முடியும் என்றும் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த சனிக்கிழமை, காலை ரயிலுக்குப் பக்கத்து ஊர் ஸ்டேஷனில் நிற்பேன். வழியில் உன்னோடு பேசமாட்டேன். வயல் முழுக்கச் சேறு, பூட்ஸ் கொண்டு வா.

ஹெட்லி