தலைக்குள் ஒரு சுழல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம். நலம் என்ற சொல்லை இப்போதெல்லாம் சற்று யோசித்துத்தான் எழுதுகிறேன், ஆனாலும் இன்றைய நிலையில் அது பொய்யில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் உன்னையும் தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். "தெரிஞ்சுக்கிட்டு என்னப்பா பண்ணப் போறேன், இருக்கிற நிம்மதியும் போயிடும்" என்று வைத்துவிட்டாய். பேச்சில் உன்னை நான் என்றுமே ஜெயித்ததில்லை, அதனால் எழுதுகிறேன். எழுதினால் மட்டும் ஜெயிப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

குளியலறையில் வழுக்கி விழுந்தபோது எடுத்த படத்தில் என் மூளை ரத்தக்குழாயில் ஒரு புடைப்பு தெரிந்ததை உனக்குச் சொல்லியிருக்கிறேன். குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் சுவர் மெலிந்து, பட்டாணியைவிடச் சிறிய குமிழாக வெளியே தள்ளியிருக்கிறது. அதற்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்பதைக் கணினியில் கணக்கிட்டு டாக்டரம்மா திரையில் ஓடவிட்டுக் காட்டினார். அகலமாக உள்ளே நுழைந்து, ஒரே சுழலாகச் சுற்றி, வந்த வாய் வழியே வெளியேறுகிறது. வெடித்த குமிழ்களில் பெரும்பாலும் ரத்தம் மெல்லிய தாரையாகப் பாய்ந்து ஒரே இடத்தில் மோதுமாம், துடிப்புக்குத் துடிப்பு சுழலும் உருமாறுமாம். குடிநீர் வாரியத்தில் காலம் தள்ளியவன் அல்லவா, ஒரு ஓரத்தில் ஓட்டம் மந்தமாக இருப்பதைப் பார்த்ததும் அந்த இடத்துக்குப் பயமில்லை என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். "ஐயா, இரும்புக் குழாய்க்கு அது சரி. இது உயிருள்ள சுவர். வேகமா மோதினாலும் தேயும், உரசாம தேங்கிக் கிடந்தாலும் புண்ணாகி மெலியும்" என்றார். வெடிக்குமா வெடிக்காதா என்று கேட்டேன். தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான் படம் சொல்லும், அதற்குமேல் சொல்லாது என்றார். குமிழ் சிறியது, வடிவமும் ஒழுங்காக இருக்கிறது, இதே மாதிரி குமிழ் வெடித்து உன் அத்தை போனதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தாலும் இப்போதைக்குக் கத்தி வேண்டாம், ரத்த அழுத்தத்தை அடக்கிவைத்து அவ்வப்போது படம் எடுப்போம் என்பது அவர் முடிவு. நானும் தலையாட்டினேன். வெளியே வந்ததும் உன் அம்மா, "உங்க தலைக்குள்ள என்னமோ சுத்துதுன்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன், அதுக்கு இவ்வளவு பெரிய மெஷினா" என்றாள்.

அதோடு அவள் வாய் அடைத்துப்போயிற்று. எதைச் சொன்னாலும் "நீங்க சொன்னா சரிங்க" என்கிறாள். குக்கர் விசில் அடித்தால் அடுப்பைப் பார்க்காமல் ஓடிவந்து என் முகத்தைப் பார்க்கிறாள். நானும் குனியாமல், உரக்கச் சிரிக்காமல், தளும்பத் தளும்ப நீர் நிறைந்த குடத்தைப் போலத் தலையைச் சுமந்துகொண்டு நடந்தேன். அடுத்த முறை போனால் அழுத்தம் ஏறியிருக்கிறது. "நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே டாக்டர்" என்று அம்மா அழாத குறையாகச் சொன்னாள். "அதைத்தாம்மா நிறுத்தச் சொல்றேன், வழக்கம்போல திட்டுங்க" என்றார் அவர். அன்று மாலையே ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்கு வட்டியும் முதலுமாகக் கிடைத்தது. இப்போது அழுத்தம் இறங்கியிருக்கிறது. திட்டினாலா மாத்திரையாலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

நிம்மதி போய்விடும் என்று நீ சொன்னது உண்மைதான். எனக்குப் போயிற்று. பிறகு திரும்பி வந்தது, முன்பு இருந்த அதே நிம்மதி இல்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு தூங்க முடிகிறது. உன் அத்தை எதுவும் தெரியாமல் நிம்மதியாகத்தான் இருந்தாள். வங்கியில் பணம் எண்ணிக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று தண்ணீர் கேட்டாள், தண்ணீர் வருவதற்குள் சாய்ந்துவிட்டாள். கூடப்பிறந்த இருவருக்குமே இருப்பதால்தான் பிள்ளைகளையும் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. உனக்கும் இருந்தே தீரும் என்பதில்லை, பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்றே சொன்னார். இருந்தாலும் எல்லாமே வெடிப்பதில்லை, அதற்கு உன் அப்பனே சாட்சி. போனால், அத்தைக்கும் எனக்கும் இருந்ததை அங்குள்ள டாக்டரிடம் மறக்காமல் சொல். அழுத்தத்தையும் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

நீ தயங்குவது எனக்காகவும் இருக்கலாமோ என்று ஒரு சந்தேகம். உனக்கு ஏதாவது இருப்பதாகத் தெரிந்தால் நான் பதறுவேன், என் அழுத்தம் ஏறும் என்று நீ கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. அதனால் ஒன்று செய்வோம். படத்தில் என்ன வந்தது என்று என்னிடம் சொல்லவே வேண்டாம். அம்மாவிடம் சொல்லிக்கொள், அவளையும் நான் துருவ மாட்டேன். போய்ப் பார்த்துவிட்டேன் என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுது, போதும்.

எல்லா நலமும் பெற்று நீ நெடுநாள் வாழ வேண்டும். மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா