கிரகணம் விட்ட பிறகும்

மஸ்கட், 22-1-2012

அன்புள்ள அப்பாவுக்கு எழிலன் வணக்கம். நான் சுகம். உங்கள் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது?

தானே புயலில் நம் முந்திரித்தோப்பு சாய்ந்ததிலிருந்து நீங்கள் சாப்பிடுவதே இல்லையாம். “கிரகண நேரத்துல மரத்துல அருவா வச்சேன், அதான் இப்படின்னு அப்பா பொலம்புறாரு” என்று தங்கை அனுப்பிரியா போனில் அழுதாள்.

கிரகணத்தன்று நானும் கட்டடச் சாரத்தின் மேலிருந்து அந்த நிலாவைப் பார்த்தேன். சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவில் பூமி வந்தது; அதன் நிழல் நிலாமேல் விழுந்தது; மூன்றரை மணி நேரத்தில் விலகிவிட்டது. பண்ருட்டிப் பக்கமே மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. எல்லாருமா அன்று அரிவாள் எடுத்தார்கள்?

இனி நடும் புதுக்கன்றுகள் காய்த்துக் காசு தரும்வரை நான் ஊருக்கு வர வழியில்லை. பழைய முந்திரி மிச்சமிருந்தால் யாரிடமாவது ஒரு பிடி கொடுத்தனுப்புங்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. கிரகணம் விட்டு நாற்பது நாள் தாண்டிவிட்டது அப்பா. தலைக்கு ஊற்றிக்கொண்டு ஒரு வாய் சாப்பிடுங்கள்.

எழிலன்