செந்தூர்பாண்டியின் விரலும் நடுக்கோடும்

விருதுநகர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகன் விக்னேஷ்வரனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் தங்கை பாண்டிமீனாவும் சுகம். அங்கே உன் தோளும் முழங்காலும் அடிபடாமல் நீ சுகமாக இருக்க அம்மா தினமும் இருக்கன்குடி இருக்கும் திசை பார்த்துக் கும்பிடுகிறாள். அவளுக்குக் கண் புரை எடுத்தது நன்றாக ஆறிவிட்டது. சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது சாலைக்கு அந்தப் பக்கம் போகிற பஸ்ஸின் போர்டைப் படித்து எனக்கே சொல்கிறாள். பாண்டிமீனாவுக்குத்தான் ஓய்வில்லை. தீபாவளி லேபிள் ஆர்டரும் காலண்டர் ஆர்டரும் ஒன்றாக வந்துவிட்டதால் சிவகாசி பிரஸ்ஸில் ஞாயிறும் வரச் சொல்கிறார்கள். இன்று மதியம்தான் போகிறாள். அதற்குள் இதை எழுதி முடித்துவிட்டால் பக்கங்களைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவாள், தாள் பின்னால் தபாலில் வரும். போனில் சொல்லிவிடலாமே என்று கேட்பாய். மூன்று நாளாகப் போனைக் கையில் எடுத்துக் கீழே வைத்துவிட்டேன். நாற்பது வருடம் பத்திரிகைக்கு எழுதிப் பழகியவனுக்குச் சில விஷயம் எழுதினால்தான் வரிசையாக வருகிறது.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சாத்தூர் செந்தூர்பாண்டி போன புதன்கிழமை காலை ஏழே காலுக்கு மதுரை ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். நுரையீரலில் சளி கட்டியிருந்தது. கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர்களுக்கு இருமித் துப்ப முடியாது, அதுதான் என்று டாக்டர் சொன்னார். உன் வயதுதான், இருபத்தொன்பது. ஒன்பது வருடம் படுக்கையில் இருந்தான். இதைப் படித்துவிட்டு உட்கார வேண்டுமானால் உட்கார்ந்துகொள், மீதியைப் பிறகு படி.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற இந்த நான்கு வருடமாக ஞாயிறுதோறும் அவன் வீட்டுக்குப் போய்வந்தேன். காலை எட்டரை பஸ்ஸில் சாத்தூர், அங்கிருந்து டவுன் பஸ். அவன் அம்மா கருப்பம்மாள் வீட்டிலேயே வெடிக் கம்பெனிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறவள். மகனின் கட்டிலை விட்டு வெளியே போய் அவளால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. முதல் நாள் நான் எதற்குப் போனேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. அவன் கேட்ட முதல் கேள்வி, “விக்கி எங்கன இருக்கான்?” என்பதுதான். ஆஸ்திரேலியாவில் சர்க்கரை ஆலையில் மெக்கானிக் என்றேன். “ஆட்டத்த விட்டுட்டானா?” என்றான். இல்லை, அங்கே ரக்பி லீக் என்று ஒன்று ஆடுகிறான், ஊர் அணியில், இரண்டாம் நிலை என்றேன். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது இந்தப் பழக்கம். நீ சனிக்கிழமை எனக்கு அனுப்புகிற ஸ்கோர் ஞாயிறு பத்து மணிக்கு அவன் காதுக்குப் போய்விடும்.

ஒரு பக்கத்தில் பதிமூன்று பேர், ஆறு முறை பிடிபட்டால் பந்தை எதிரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நீ எனக்குச் சொன்னதை நான் அவனுக்குச் சொன்னேன். என்னை விட வேகமாகப் புரிந்துகொண்டான். “பதிமூணு பேரா? எங்க ஊர்ல கபடிக்கு ஏழு பேரச் சேக்கவே கல்யாண வீடு கல்யாண வீடா அலையணுமே” என்று சிரித்தான். “ஓடுறவன் பாடாம வாய மூடிக்கிட்டு ஓடுறான், அதென்னய்யா ஆட்டம்? மூச்சு விடுறானா இல்லையான்னு எவன் பாக்குறது?” என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தான். உன் அணியின் ஆட்களுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தான். பந்தை உதைக்கிற உயரமானவனுக்குக் கிணற்றில் நீர் இறைக்கிற ‘கமலை’, நடுவில் நின்று இடிக்கிற குண்டனுக்கு ‘லோடு லாரி’. இந்த சீசனில் நீங்கள் பதினான்கு ஆட்டத்தில் பத்து வென்று நான்கு தோற்று எட்டு அணிகளில் இரண்டாவதாக வந்தது அவனுக்கு மனப்பாடம். ஆனால் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். “நா கேக்குறேன்னு அவன்கிட்டச் சொல்லிராதீக ஐயா. பிடிக்கப் போற நேரத்துல என் நெனப்பு வந்தா கை தயங்கும். தயங்கிப் பிடிச்சாத்தான் எலும்பு முறியும்” என்றான். அதனால்தான் நான்கு வருடமும் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூலையில் பதினோராவது ஆட்டம் பதினெட்டுக்கு இருபதாகத் தோற்றீர்கள். கடைசி நிமிடம், பதினெட்டுக்குப் பதினாறு என்று முன்னால் இருக்கும்போது உன் கைக்கு வந்த ஒருவனை நீ விட்டுவிட்டாய், அவன் ஓடிப்போய் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்துவிட்டான். “நானாகத்தான் விட்டேன்” என்று எழுதியிருந்தாய், ஏன் என்று எழுதவில்லை. அதை அப்படியே படித்தேன். செந்தூர்பாண்டி, “ஓடுனவன் தலை கீழ குனிஞ்சிருக்கும் ஐயா. இழுத்தா தலை முதல்ல விழுந்துருமேன்னு விட்டிருக்கான். நாஞ் சொல்லாமலே என் நெனப்பு அவன்கிட்ட இருக்கு” என்றான். அதன் பிறகு தன் அம்மாவைக் கூப்பிட்டு, “ஆத்தா, அந்தப் பேப்பர எடுத்து ஐயாகிட்டக் குடு” என்றான்.

அவள் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தது ஒன்பது வருடத்துக்கு முந்தைய நம் பத்திரிகையின் மாவட்டப் பக்கம். சாத்தூரில் நடந்த மாவட்டக் கபடி லீக் அரையிறுதி பற்றி நான் எழுதிய செய்தி. சத்தமாகப் படிக்கச் சொன்னான். படித்தேன். இரு அணிகளும் முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று என்று சமமாக இருந்த நிலையில், கடைசியாகப் பாடிச் சென்ற சாத்தூர் அணி வீரர் செந்தூர்பாண்டி எதிர்பாராத விதமாகக் கால் இடறி விழுந்து கழுத்தில் காயமடைந்தார், ஆட்டம் முடிவின்றி நிறுத்தப்பட்டது. அவ்வளவுதான் செய்தி. நான் படித்து முடித்ததும் அவன், “நா கால் இடறி விழுற ஆளாய்யா?” என்று கேட்டான்.

விக்னேஷ், நான் அந்தக் களத்தின் ஓரத்தில்தான் நின்றேன். நீ அவன் வலது கணுக்காலைப் பிடித்ததை இருபது அடி தூரத்தில் பார்த்தேன். அவன் பிடியோடு உன்னையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கிப் பாய்ந்ததையும், தலை முன்னால் போய் மண்ணில் மோதியதையும் பார்த்தேன். நடுவர் உன் மேல் ஃபவுல் சொல்லவில்லை, சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் செய்தி எழுதும்போது போலீஸ், விசாரணை, நீ அப்போதுதான் விண்ணப்பித்திருந்த பாஸ்போர்ட் எல்லாம் என் கண் முன்னால் வந்தன. உன் பெயரை எடுத்தேன். பிடித்தது நீ என்பதை எடுத்ததும் அங்கே ஒரு பிடியே இல்லாமல் போனது, அவன் தானாக விழுந்தவன் ஆனான். என் தொழிலில் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான். உன்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். அவன் சொன்னான், “ஒம்பது வருசமா பாக்க வர்றவுகள்லாம் ‘பாத்துக் காலெடுத்து வச்சிருக்கலாம்ல தம்பி’ன்னுட்டுப் போறாக. பேப்பர்லயே போட்ருக்காம்ல. எட்டு வருசம் பாடிப் போனவன், ஒரு தடவ கால் இடறினதில்ல. என்னைப் பிடிச்சாத்தான் நா விழுவேன். உங்க மகன் பிடிச்ச பிடி நல்ல பிடி. அத எழுதுங்க.” எழுதுகிறேன் என்றேன். ஒன்பது வருடம் கழித்துத் திருத்தம் போட எந்தப் பத்திரிகையும் இடம் கொடுக்காது என்று தெரியும். அதைச் சாக்காக வைத்து ஆகஸ்ட் முழுக்கத் தள்ளிப்போட்டேன்.

இன்னொன்றும் அன்று சொன்னான். நடுக்கோட்டைத் தொட்டாயா என்று நான்தான் கேட்டேன். மூச்சு விடாமல் பாடிக்கொண்டே தொட்டிருந்தால் புள்ளி அவர்களுக்கு, ஆட்டம் அவர்களுக்கு. தொடாவிட்டால் உங்களுக்கு. நடுவர் கழுத்தைப் பார்த்ததும் விசிலடித்துவிட்டார், கோட்டை யாரும் பார்க்கவில்லை. நானும்தான். அவன், “கை நீட்டினது வரைக்கும் தெரியும். தொட்டுச்சா இல்லையான்னு விரல்தான் சொல்லணும். அதுக்குப் பெறகு விரல் எங்கிட்டப் பேசவே இல்லையே” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கருப்பம்மாள் குழாய் சுற்றுவதை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டாள்.

ஆடிக் கடைசி வெள்ளி முடிந்து பத்து நாளில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. போன ஞாயிறு ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு இருந்தான். முதலிடத்து அணியை இருபத்து நான்குக்குப் பதினாறு என்று வென்று நீங்கள் நேரே இறுதிக்குப் போனதைச் சொன்னேன். “எத்தன பிடி?” என்றான். முப்பத்தொன்று, ஒன்றும் விடவில்லை என்றேன். கண்ணை மூடித் திறந்தான். “இறுதி எப்ப?” என்றான். இந்தச் சனி இல்லை, அடுத்த சனி என்றேன். “அம்புட்டு நாளா” என்றான். அவன் என்னிடம் பேசியதில் கடைசி அது.

புதன் மாலையே அடக்கம் முடிந்தது. மறுநாள் அவனோடு ஆடிய ஒச்சப்பன் வந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வாசகம் எழுதித் தரச் சொன்னான், பத்திரிகைக்காரர் எழுதினால் நன்றாக இருக்குமாம். எழுதினேன். கருப்பம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, படித்துக் காட்டச் சொன்னாள். கபடிக் களத்தில் காயமுற்று ஒன்பது ஆண்டுகள் நோயுடன் போராடி என்று படித்துக்கொண்டே போனேன். முடிந்ததும் அவள், “பிடிச்ச பிள்ள பேரு எங்கண்ணே?” என்று கேட்டாள். மறுபடியும் விட்டிருக்கிறேன், இந்த முறை யோசிக்காமலே கை அதை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. “எம்மகன் கேட்டதே அது ஒண்ணுதான. போடுங்க. யாரு என்ன சொல்லுவா, நாந்தான அவன் ஆத்தா” என்றாள். போட்டேன். கடைசியாகப் பாடிச் சென்று விருதுநகர் அணி விக்னேஷ்வரனின் கணுக்கால் பிடியோடு நடுக்கோட்டை நோக்கிப் பாய்ந்த வீரர் செந்தூர்பாண்டி. பாண்டிமீனா பிரஸ்ஸில் முதலாளி ஜெயச்சந்திரனிடம் சொல்லி லேபிள் ஓட்டத்துக்கு நடுவில் இருநூறு தாள் ஓட்டி வாங்கிவந்தாள். உன் பெயரை எழுத்துக் கோக்கும்போது அழுதாளாம், ஜெயச்சந்திரன் சொன்னார்.

நேற்று சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் அந்தப் போஸ்டர் முன்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். உன்னைத் திட்டுவார்கள் என்று நினைத்து மனதைத் திடப்படுத்திக்கொண்டு பக்கத்தில் போனேன். அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தது வேறு. ஒருவர், “கோட்டத் தொட்டுட்டான்லே, நா கோட்டுக்கு நேரா நின்னு பாத்தேன்” என்றார். இன்னொருவர், “நீ அன்னைக்குக் களத்துக்கே வரலயே, உம் பொண்டாட்டிக்கு வளைகாப்பு” என்றார். நாலு விரற்கடைதான் குறை என்றார் ஒருவர், ஒரு சாண் என்றார் வேறொருவர். ஒன்பது வருடமாக ‘பாவம்’ என்பதைத் தவிர அவனைப் பற்றி இந்த ஊர் பேசியதில்லை. நேற்று அவன் ஆட்டத்தைப் பேசினார்கள். அவன் கேட்கும்படி இது நடந்திருக்கலாம், நான் ஜூலையிலேயே எழுதியிருந்தால்.

இதை இறுதி ஆட்டம் முடியும்வரை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா விடவில்லை. “அன்னைக்குப் பேப்பர்ல மறைச்சீக, இன்னைக்குப் பிள்ளைகிட்டயும் மறைக்கப் போறீகளாக்கும்” என்றாள். சரிதான். அன்று நீ ஆஸ்பத்திரி வார்டு வாசல் வரை வந்து உள்ளே வராமல் திரும்பிப் போனதை நான் பார்த்தேன், கூப்பிடவில்லை. நீ செய்தது ஆட்டம். அதை மறைத்து அது ஒரு குற்றம் என்று உன்னை நினைக்கவைத்தது நான். இந்த ஒன்பது வருடத்தில் உன்னிடம் இதைச் சொல்லாததற்கு மன்னித்துக்கொள் மகனே.

கருப்பம்மாள் ஒன்று கேட்கிறாள். பதினாறாம் நாள் காரியம் வருகிற வியாழன் இல்லை, அதற்கடுத்த வியாழன். அதற்குள் அவளுக்குத் தெரிய வேண்டும். அவன் கை கோட்டுக்குப் போனபோது அவ்வளவு பக்கத்தில் தரையில் கிடந்தது நீ ஒருவன்தான். “கூடக் கெடந்த பிள்ளைக்குத் தெரியும், அது சொல்லட்டும்” என்கிறாள். அவள் நம்பரைப் பாண்டிமீனா தனியாக அனுப்புவாள். தொட்டானா இல்லையா, நீ பார்த்ததைப் பார்த்தபடி சொல். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல். அவள் மனதுக்காகத் தொட்டான் என்று சொல்லிவிடாதே. நம் வீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஒரு பொய் போனது போதும்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிடாதே, பல்லுக்கு மாட்டுகிறதை மறக்காதே. பிடிக்கிறதானால் முழுக்கப் பிடி, அவன் அப்படித்தான் சொல்லியிருப்பான். ஸ்கோரை வழக்கம் போல அனுப்பு. ஞாயிறு எட்டரை பஸ்ஸுக்கு நான் போகத்தான் போகிறேன், கருப்பம்மாளும் கேட்பாள். உனக்கு எல்லா நலமும் உண்டாக இருக்கன்குடி மாரி துணை. கருப்பம்மாளிடம் பேசும்போது அங்கே நேரம் நாலரை மணி முன்னால் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள், அவள் விடிகாலை ஐந்துக்கே குழாய் சுற்ற உட்கார்ந்துவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சோலைச்சாமி